முந்நூற்று எண்பத்தொரு கோடியும் என் இடுப்பளவும்

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இரண்டு கடைகள். ஒன்று தையல்கடை, இன்னொன்று ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் துணி பறக்கும். முழங்கால் வலி என்று லிஃப்ட் கேட்டு ஊரைக் கூட்டியவள் நான். ஆனால் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை படியில் இறங்கி ஏறுகிறேன் என்றால் அதற்கு இந்த இரண்டு கடைகளும்தான் காரணம்.

அதிலும் ஜெராக்ஸ் கடை மாதிரி விஷயம் தெரிகிற இடம் உலகத்தில் கிடையாது. யார் வீட்டை விற்கிறார்கள், யார் வேலையை விட்டார்கள், யாருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, எல்லாம் அந்தக் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துத்தான் ஆகவேண்டும். வரிசையில் நிற்கிற சாக்கில் நான் படித்துவிட்ட காகிதங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

ஆனால் அந்தத் தங்கச் சுரங்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் ஒன்றையும் படிக்கமாட்டார். காகிதத்தின் தலையில் இருக்கிற எண்ணை மட்டும் பார்ப்பார். மிஷின் சூடாகிற நேரத்தில் அதை எதாலாவது வகுத்துப் பார்ப்பார். “மீதி இல்ல” என்றோ “மீதி நாலு” என்றோ தனக்குத்தானே முணுமுணுப்பார். அதனால் அவருக்குப் பெயரே மீதி என்று ஆகிவிட்டது. பெரியவர்கள் மீதி என்போம், சின்னவர்கள் மீதி அண்ணா என்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டதும் இல்லை.

ஒருமுறை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பதிவுச் சான்றிதழோடு வந்தது. பெண் இரண்டு வயது மூத்தவள் என்று நான் கண்டுபிடிப்பதற்குள், மீதி சான்றிதழ் எண்ணைப் பார்த்து முகம் மலர்ந்து, “இத எதாலயும் பிரிக்க முடியாது” என்றார். பகா எண்ணாம். அந்தப் பையனும் பெண்ணும் கண் கலங்கிப்போய் மறுநாள் ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பெரிய லேப் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ரத்தம், சளி, கட்டி என்று எதைச் சோதித்தாலும் அங்கேதான். அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை யார் கொண்டுவந்தாலும் மீதி, “இதுவும் தொண்ணூத்தேழு” என்பார். நான் அதை ஏதோ நோயின் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் மாடி டீச்சருக்குத் தொண்ணூற்றேழாம், பாவம், என்று நாலு வீட்டில் சொல்லியும்வைத்தேன். டீச்சர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அது வேறு கதை.

இனி தையல்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். தனி ஆள். கை வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், தேதி விஷயத்தில் மட்டும் அவளை நம்பக்கூடாது. ஒரு சட்டைக்கு நாலு மாதம் கழித்துத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தேதிக்குப் போனால் “நாளைக்கு” என்பாள். இந்தக் கட்டிடத்தில் அவளோடு சண்டை போடாதவர்கள் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான். எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. அவள் எனக்குத் தைக்கிற சட்டை மார்பில் தொளதொளவென்று இருக்கும், இடுப்பில் மூச்சு முட்டும். கேட்டால், “அளவெடுத்தப்ப சரியா இருந்துச்சுக்கா, நடுவுல நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க” என்பாள். நான் என்ன பண்ணினேன் என்று வாயைத் திறந்து சொல்ல முடியுமா. சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மருத்துவ முகாம் நடந்தது. எங்கிருந்தோ வந்த டாக்டர்கள், சாயந்திரம் வண்டியேறிப் போய்விட்டார்கள். தையல்காரிக்கு இடது அக்குளில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி இருந்தது. அதை அங்கேயே அறுத்து எடுத்து, பாட்டிலில் போட்டு, லேப்புக்கு அனுப்பிவிட்டு, இவள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். பத்து இலக்க எண். இருபது நாள் கழித்துப் போய் இந்த எண்ணைச் சொன்னால் அது கெட்ட கட்டியா இல்லையா என்று சொல்வார்களாம்.

அவள் கெட்டிக்காரி. சீட்டு தொலைந்துவிடும் என்று கடைக்கு வந்ததும் வராததுமாக எண்ணைத் தன் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். சீட்டை, பழக்க தோஷம், தைத்துக்கொண்டிருந்த ஒரு கோட்டின் காலரில் ஊசியால் குத்திவைத்தாள். கோட்டு முடிந்தது, கோட்டுக்காரர் வந்தார், கோட்டு போயிற்று. கோட்டோடு சீட்டும் போயிற்று. போன் பண்ணிக் கேட்டதில் ஏதோ காகிதம் இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். நோட்டில் இருக்கிறதே என்று இவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. முகாமுக்கு அப்புறம் அவள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிற வேலை எதையும் வாங்கவில்லை. நீளமான வேலை என்றால் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்கினதையெல்லாம் சொன்ன தேதிக்கு முந்தின நாளே முடித்துவைத்தாள். எல்லாரும், அடேயப்பா, தையல்காரி திருந்திவிட்டாள் என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கடையைக் கட்டுகிறவர்கள்தான் பாக்கி வேலையை அப்படி முடிப்பார்கள்.

இருபத்தோராம் நாள் லேப்புக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் எண்ணே இல்லை என்றாளாம். இரண்டு தடவை, மூன்று தடவை தட்டியும் இல்லை. வேண்டுமானால் இன்னொரு தடவை கட்டியை எடுத்துக் கொடுங்கள் என்றாளாம். எங்கிருந்து எடுப்பது? முழுசாக எடுத்தாகிவிட்டதே. அக்குளில் இப்போது தழும்புதான் இருக்கிறது. திரும்பி வந்து, தையல் மிஷின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்த. அத சொல்றதுக்கும் ஆளில்லாம போச்சுக்கா” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் முகாம் நடத்தினவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அதோடு அனுப்ப நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். நானும் போனேன், கூப்பிடாமலே.

மீதி நோட்டைப் பிரித்தபடியே கண்ணாடி மேல் கவிழ்த்து ஒரு பிரதி எடுத்தார். வந்த காகிதத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது. பிறகு, “இது லேப் நம்பர் இல்ல” என்றார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. லேப் நம்பர் இல்லாமல் பால்காரன் நம்பரா என்று கேட்டாள். அடுத்தவங்க காகிதத்தைப் படிக்கிற வேலை அந்த அக்காவோடு நிற்கட்டும், நீங்களுமா என்றாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

மீதிக்குக் கோபமெல்லாம் வராது. மூன்று வருஷமாக அந்த லேப்பின் சீட்டு முந்நூறுக்கு மேல் தன் கையில் வந்து போயிருக்கிறது, அத்தனையும் தொண்ணூற்றேழால் மீதியில்லாமல் வகுபடும், ஒன்றுகூடத் தப்பவில்லை என்றார். எழுதும்போது கை தவறினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று கடைசி இரண்டு இலக்கத்தை அவர்களே பார்த்துப் போடுகிறார்களாம். அப்போதுதான் எனக்கு டீச்சர் விஷயம் உறைத்தது.

“இத வகுத்தா நாப்பத்தெட்டு மிச்சம் வருதும்மா. அதனால எழுதினதுலதான் எங்கயோ தப்பு. உங்க கட்டி எங்கயும் போகல. அதோட நம்பர்லதான் அது பத்திரமா இருக்கு.”

இருபத்திரண்டு நாளில் அவளுக்கு ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் யார் வாயிலிருந்து.

நோட்டில் இருந்த எண் 3817413320. முந்நூற்று எண்பத்தொரு கோடியே எழுபத்து நான்கு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து முந்நூற்று இருபது. அவ்வளவு பெரிய எண்ணை இந்த மனுஷன் பென்சில்கூட இல்லாமல் எப்படி வகுக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக்கொள்வாராம். நூறில் ஒரு தொண்ணூற்றேழு போனால் மூன்று மிச்சம். ஆகவே முதல் ஜோடியை மூன்றால் பெருக்கி அடுத்த ஜோடியைக் கூட்டு. தொண்ணூற்றேழுக்கு மேல் போனால் தொண்ணூற்றேழைக் கழி. மறுபடியும் மூன்றால் பெருக்கு, அடுத்ததைக் கூட்டு. கடைசியில் நிற்பதுதான் மீதி. அவர் சொன்னபோது எனக்கும் புரிந்துவிட்டது, அதுதான் எனக்கு அதிர்ச்சி.

அன்று முழுக்க அவர் கடையில் வேலை ஓடவில்லை. ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் தாங்களே பொத்தானை அழுத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே ஓர் இலக்கம் தப்பாக இருக்குமோ என்று ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தார். எந்த இடத்தில் எதைப் போட்டாலும் வகுபடவில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்குமோ என்று பார்த்தார். நடுவில் இருக்கிற நாலையும் ஒன்றையும் மாற்றினால் மீதி தொண்ணூற்றாறு வந்தது. இன்னும் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் போதும். அந்த ஒன்றுக்காக அவர் பட்ட வேதனையைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. சாயந்திரம் கடையை மூடும்போது தையல்காரி தடுப்பு வழியாக ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். “விடுங்கண்ணா. இவ்வளவு பாத்ததே பெரிசு” என்றாள். அவர் டீயை வாங்கி ஆறவைத்துவிட்டு, குடிக்க மறந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நான் கீழே இறங்கினபோது அவர் கல்லாமேசையில் அந்தப் பிரதியை விரித்துவைத்துக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். விரித்த காகிதம் கண்ணில் பட்டால் நான் என்ன செய்வேன்? படித்தேன்.

நோட்டை விரித்தபடி எடுத்ததால் இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. வலது பக்கம் லேப் எண். அளவு நோட்டில் ஐந்து கட்டங்கள் அச்சடித்திருக்கும்: உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை. எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து அந்த ஐந்து கட்டத்தில்தான் எழுதியிருந்தாள். 38, 17, 41, 33, 20. பார்க்கிறவர்கள் யாரோ ஒரு வாட்டசாட்டமான ஆளின் சட்டை அளவு என்றுதான் நினைப்பார்கள். இடது பக்கம், முகாமுக்கு முந்தின நாள் நான் கொடுத்த சட்டையின் அளவு. என் பெயருக்கு நேரே மார்பு 40, இடுப்பு 36.

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். முப்பத்தாறு இடுப்பு எனக்குக் கல்யாணத்தன்று இருந்தது. பிறகுதான் பகீர் என்றது. அவள் அளவெடுக்கும்போது டேப்பை நானும் எட்டிப் பார்த்திருந்தேன். எதைத்தான் பார்க்காமல் விட்டேன். மார்பு முப்பத்தாறு, இடுப்பு நாற்பது.

இதை எப்படிச் சொல்வது? எதிரில் ஓர் ஆண்பிள்ளை. பின்னால் ஆதார் நகல் எடுக்க இரண்டு பேர். அதில் ஒருவர் முதல் மாடி டீச்சர். இருபது வருஷமாக இந்தக் கட்டிடத்தில் யார் இடுப்பைப் பற்றியும் பேச எனக்கு உரிமை இருந்ததென்றால் என் இடுப்பைப் பற்றி யாருக்கும் தெரியாததால்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடவில்லை. காலையில் ஓடாத தையல் மிஷினின் சத்தம் இருக்கிறதே, அது காதை அடைத்தது.

“என் இடுப்பு நாப்பது” என்றேன்.

மீதி நிமிர்ந்து பார்த்தார். எண் என்றால் எதுவானாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறவர். சிரிக்கவில்லை.

“இங்க மாத்தி எழுதியிருக்கா. மார்பு முப்பத்தாறு, இடுப்பு நாப்பது. டேப்ப நான் பாத்தேன். பெரிய நம்பர மார்புல போட்டிருக்கா, சின்னத இடுப்புல போட்டிருக்கா.”

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் விரல் வலது பக்கத்துக்குத் தாவி, மூன்றாவது கட்டத்திலும் நாலாவது கட்டத்திலும் நின்றது. நாற்பத்தொன்று, முப்பத்து மூன்று. பெரியது மார்பில், சின்னது இடுப்பில். தைக்கிற கைக்கு ஒரு பழக்கம். அளவையெல்லாம் எடுத்து மனசில் வைத்துக்கொண்டு கடைசியில் எழுதும்போது, மார்பைவிட இடுப்பு பெரிசாக இருக்கலாம் என்று அந்தக் கை நம்புவதில்லை. கட்டி அறுத்துவிட்டு வந்த அன்றைக்கு, ஐந்து கட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கை சட்டை அளவு என்றே நினைத்து எழுதிவிட்டது.

மீதி சத்தமாகவே கணக்குப் போட்டார். முப்பத்தெட்டு. மூன்றால் பெருக்கிப் பதினேழைக் கூட்டினால் நூற்று முப்பத்தொன்று, தொண்ணூற்றேழு போக முப்பத்து நாலு. மூன்றால் பெருக்கி, இப்போது முப்பத்து மூன்றைக் கூட்டினால் நூற்று முப்பத்தைந்து, போக முப்பத்தெட்டு. மூன்றால் பெருக்கி நாற்பத்தொன்றைக் கூட்டினால் நூற்றைம்பத்தைந்து, போக ஐம்பத்தெட்டு. மூன்றால் பெருக்கி இருபதைக் கூட்டினால்...

“நூத்தித் தொண்ணூத்தி நாலு” என்றது டீச்சரின் குரல் பின்னாலிருந்து. மூன்று மாதத்துக்கு அப்புறம் என் காது கேட்க அவர் பேசிய முதல் பேச்சு.

நூற்றுத் தொண்ணூற்று நாலு என்பது இரண்டு தொண்ணூற்றேழு.

“மீதி இல்ல” என்றார் மீதி. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக வேலை நாளில் ஜெராக்ஸ் கடைக் கதவு இறங்கினதைப் பார்த்தேன். மூன்று பேரும் லேப்புக்கு நடந்தோம். போகிற வழியில் மீதிதான் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டிரண்டாக இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் தொண்ணூற்றொன்பதின் மடங்காகத்தான் இருக்குமாம். அதனால் ஒன்பதால் வகுத்தாலும் பதினொன்றால் வகுத்தாலும் தப்பான எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் ஒரே மீதிதான் வருமாம். “அவங்க மட்டும் பதினொண்ண வச்சிருந்தாங்கன்னா, இது கண்ணுக்கே தெரியாம போயிருக்கும்மா. தொண்ணூத்தேழுதான் விடல.” ஏதோ காலத்தில் உதவி செய்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

கவுன்டர்ப் பெண் 3817334120 என்று தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு வயதைக் கேட்டாள், முகாம் நடந்த தேதியைக் கேட்டாள், எந்த இடத்தில் கட்டி என்று கேட்டாள். இடது அக்குள் என்றதும் தலையை ஆட்டி, உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்து வைத்தாள்.

தையல்காரி அதை எடுத்தாள். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற விரல்கள், உறையின் ஓரத்தைப் பிரிக்க முடியாமல் நின்றன. என்னிடம் நீட்டினாள்.

என் ஆயுசில் ஒருவர் தானாக எடுத்து, படி என்று என் கையில் கொடுத்த முதல் காகிதம். எத்தனை காகிதங்களைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் படித்த கண். நேராகப் பிடித்த அந்த ஒன்று மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. கடைசி வரிக்கு வர நேரமாயிற்று.

“வெறும் கொழுப்புக் கட்டியாம்டி. கெட்டது எதுவும் இல்லையாம். வேற எந்த வைத்தியமும் வேண்டாமாம்.”

அவள் மீதி பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். அவர் பதறிப்போய், நான் என்ன செய்தேன், அக்காதான் சொன்னாங்க என்று என்னைக் காட்டினார். நான் என்ன செய்தேன், என் இடுப்புதான் செய்தது. கவுன்டர்ப் பெண் எங்கள் மூன்று பேரையும் ஒரு மாதிரி பார்த்தாள். “அந்தத் தொண்ணூத்தேழ வச்சது யாரோ, அவங்க கை நல்லா இருக்கட்டும்” என்றாள் தையல்காரி அவளிடம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த வாரம் மீதிக்கு ஒரு சட்டை வந்தது. அளவெடுத்தபோது தோள் பதினேழு, உயரம் இருபத்தொன்பது என்று அவள் சொல்லச் சொல்ல அவர், பகா எண், பகா எண் என்று பூரித்துப்போனார். இடுப்பு முப்பத்தாறு என்றதும் கொஞ்சம் வாட்டம். நானும் டீச்சரிடம் போய்த் தொண்ணூற்றேழு விஷயத்தில் என் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஐந்தாவது வீட்டுக்கும் போனேன், அங்கே முதலிலேயே சொல்லவில்லை என்பது போன பிறகுதான் நினைவு வந்தது.

பிறகு ஒருநாள் தையல்காரி என்னைக் கூப்பிட்டு, மிஷின் பக்கத்தில் நிறுத்தி, புதுசாக அளவெடுத்தாள். ஒவ்வொன்றையும் எடுத்த உடனே எழுதினாள். மார்பு முப்பத்தாறு. எழுதினாள். இடுப்பு நாற்பது. எழுதினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின் சூடாகிற சத்தம் கேட்டது, மீதிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தாள். பார்த்தேன். நாலு மாதம் தள்ளி, அடுத்த வருஷத்தில் விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆகாதா?” என்று வழக்கப்படி வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்து, “மெதுவா தைய்யி, அவசரமே இல்ல” என்றேன்.

“நாலு மாசம்னா நாலு மாசந்தான்க்கா, அன்னைக்கு வந்து சண்ட போடக்கூடாது” என்றாள்.

போடுவேன் என்றேன். வந்து நின்று, நன்றாகப் போடுவேன்.